எட்டு அடி தள்ளி

கப்பலேறி மலாயாவுக்கு வந்து இருபது வருஷமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. பக்கத்தில் கம்போங் என்கிற கிராமத்தில் இருக்கும் மலாய்க்காரி மினா, மாதத்தில் அந்த மூன்று நாளும் கூசாமல் என் அடுப்படிவரை வந்து உட்காருவாள். கேட்டால், "டாத்தாங் பூலான்" என்று சிரிப்பாள். நிலா வந்திருக்கிறதாம்! அடேயப்பா, நிலா வந்தவளை யார் வெளியே உட்காரச் சொல்வார்கள்?

எங்கள் நாமக்கல் பக்கம் அதன் பேரையே சொல்லமாட்டோம். "அவ ஊட்டுக்குத் தூரம்" என்போம். தனித் தட்டு, தனிச் சொம்பு, மாட்டுக்கொட்டாய் ஓரம். எங்கள் வாசலிலிருந்து சரியாக எட்டு அடி. வயதாகி அது ஓய்ந்தால் "தூரம் நின்னுபோச்சு" என்பார்கள். தள்ளி உட்காருவதும் அத்தோடு முடிந்ததல்லவா, பேச்சு அப்படி வந்ததுதான். ஆனால் பெண்டுகளே, உங்களிடம் மறைப்பானேன்? அந்த மூன்று நாள்தான் என்னை யாரும் வேலை ஏவமாட்டார்கள். எங்கள் ஊர் மலைக்கோட்டையைப் பார்த்தபடி, பொட்டலம் கட்டி வந்த காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்தது அங்கேதான்.

இங்கே வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. எட்டுப் பேருக்கு நான் சமைக்கிறேன். அந்த மூன்று நாள் மட்டும் அவர் கரண்டி பிடிப்பார்; நான் இங்கும் வாசலிலிருந்து எட்டு அடி தள்ளி, பப்பாளி மரத்தடியில் எழுதுவேன். போன ஆடியில் எனக்கு நின்றுவிட்டது. ஊரில் என் அக்காவுக்கு நின்ற அதே வயது! கடல் தாண்டி வந்த உடம்புக்கு யார் கணக்குச் சொன்னது? மெய்சிலிர்த்துப் போனேன். மறு நிமிஷமே தோன்றியது: ஐயோ, என் மூன்று நாள் போச்சே!

அதனால் பொய் சொன்னேன். மாதாமாதம் தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். எனக்கு நின்றதை அறிந்த மினா, புருஷனோடு சண்டையென்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சமாதானம் சொல்ல வந்தாள்.

இன்று அவர் குனிந்து தண்ணீர்ச் சொம்பை வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, எனக்குத் தூரம் நின்னு அஞ்சு மாசமாச்சுங்க."

"தெரியும் புள்ள. கொடியில துணி காயலையே."

"அப்பறம் ஏனுங்க கேக்கல?"

"கேட்டா எந்திரிச்சு வந்துருவியே. எழுது, ரசம் பொங்குது" என்று உள்ளே ஓடினார்.

அழுதுவிட்டேன். இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நிமிர்ந்தால் கண் ரப்பர் மரங்களுக்கு மேலே மலைக்கோட்டையைத் தேடுகிறது. மூக்கு, எட்டு அடிக்கு அந்தப்பக்கம் அவர் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டார் என்கிறது.