முப்பத்தி நாலும் சரி

எங்கள் பள்ளியில் பூகோளம் எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அருவி டீச்சர்’. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அறுபத்தோராம் பக்கத்தில் பக்கத்து நாட்டு அருவி ஒன்று தீப்பெட்டி அளவுப் படமாக இருக்கிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக ஒரு முழுப் பீரியடும் பேசுகிறவர் அவர். பாறை எப்படி அரிக்கிறது, எந்த மாதம் தண்ணீர் கூடும், எந்தப் பக்கம் நின்றால் வானவில் தெரியும், எல்லாம் சொல்வார். அவர் அதைப் பார்த்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

பார்க்கப் போகாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களைச் சனி, ஞாயிறு எல்லை தாண்டிக் கூட்டிப்போகும் பொறுப்பு சில காலமாக அவர் தலையில்தான். முதல் முறை மூடுபனி. எதிரே நிற்கிற ஆளே தெரியவில்லையாம். இரண்டாம் முறை விடுதிப் படிக்கட்டில் ஒருவன் குரங்குச் சேட்டை செய்து கணுக்காலை உடைத்துக்கொண்டான். ஞாயிறு முழுக்க ஆஸ்பத்திரி. மூன்றாம் முறை ஒரு மகாபுத்திசாலி பாஸ்போர்ட்டோடு கால்சட்டையைத் துவைக்கிற மெஷினில் போட்டுவிட்டான். மற்றவர்கள் அருவிக்குப் போனார்கள், டீச்சர் அவனோடு தூதரக வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் இடுப்பில் கட்டிய பையில்தான். தூங்கும்போதும் அதை அவிழ்ப்பதில்லை.

தனியாக ஒருநாள் போய்வரலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பள்ளி வேலை என்றால்தான் நாத்தனார் வந்து இரண்டு நாள் பார்த்துக்கொள்வார். ஊர் சுற்ற என்றால் அவருக்கு உடனே முதுகுவலி வந்துவிடும். “டிவியிலதான் அடிக்கடி காட்டுறானே, உக்காந்து பார்த்துக்க வேண்டியதுதானே” என்பாராம் வீட்டுக்காரர். மின்விசிறி ரிப்பேர் பார்க்கிற மனுஷர். “ஃபேன் காத்தையும் டிவியிலயே வாங்கிக்கச் சொல்லுங்க உங்க கஸ்டமர” என்று டீச்சர் சொன்னதாகக் கேள்வி.

இந்த வருஷம் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. இதுதான் கடைசிப் பயணம். இனிமேல் உள்ளூரிலேயே ஏதோ கேளிக்கைப் பூங்கா. ஆக, டீச்சருக்கு இருப்பது இந்த ஒரு ஞாயிறு. துணைக்கு என்னை அனுப்பினார்கள். நான் கணக்கு வாத்தியார்.

பதினைந்து வயசுப் பிள்ளைகளை எண்ணுவது தவளையைத் தராசில் நிறுக்கிற வேலை. பஸ்ஸில் ஒருத்தி எழுந்து பின்னால் போவாள், ஒருவன் சீட்டுக்கடியில் செருப்புத் தேடுவான். அதனால் நான் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். வண்டி கிளம்புமுன் ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கத்த வேண்டும். நான் தாளில் டிக் போடுவேன். சனிக்கிழமை முழுக்க அது அருமையாக வேலை செய்தது. “தலைய நேரா எண்ணுறதுதான் சார் எனக்குப் பழக்கம்” என்றார் டீச்சர். “என் வேலைய எங்கிட்ட விடுங்க டீச்சர்” என்றேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

ஞாயிறு காலை மியூசியம். பத்தரைக்குக் கிளம்பும்போது எண்கள் வந்தன. முப்பத்தி நாலும் சரி. நான் தாளைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

ஒரு மணி நேரப் பயணம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. டீச்சர் முன் சீட்டின் நுனியில் உட்கார்ந்துகொண்டு பாறை வகையெல்லாம் எனக்கே பாடம் எடுத்தார். அருவியின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கினோம். மரங்களுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. டீச்சர் நின்ற இடத்திலேயே நின்று அதைக் கேட்டார். அப்போது அவர் போன் அடித்தது.

மியூசியத்திலிருந்து. உங்கள் பள்ளி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் இங்கே அழுதுகொண்டிருக்கிறாள் என்றார்கள்.

பதினெட்டு. கழிப்பறை வரிசையில் நின்றவள் பக்கத்து எண்காரியிடம், “நான் பின்னாடியே வந்துடறேன், என் நம்பரையும் சேர்த்துச் சொல்லிடு” என்றிருக்கிறாள். பதினேழு தன் எண்ணைத் தன் குரலிலும், பதினெட்டை மூக்கால் பேசியும் சொல்லிவிட்டு, பஸ் குமட்டலுக்கு மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். தோழி பின் சீட்டில் இருப்பாள் என்று நினைத்தாளாம். “உனக்கு எத்தன குரல்டி இருக்கு?” என்று கத்தினேன். அவள் அழுதாள். உண்மையில் நான் என்மேல்தான் கத்தியிருக்க வேண்டும்.

“நான் போய்க் கூட்டிட்டு வரேன் டீச்சர்.”

“உங்ககிட்ட விடமாட்டாங்க சார். குழு அனுமதில பொறுப்பாளர்னு என் பேருதான் இருக்கு.”

“அப்ப பஸ் திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே உட்காரட்டும். எப்படியும் அந்த வழியாத்தானே போறோம்?”

“ஞாயித்துக்கிழம பன்னெண்டரைக்குப் பூட்டிருவாங்களாம். புள்ளயத் தெருவுல நிக்க வைக்கவா?”

டிரைவரைக் கேட்டேன். ஒரு மணிக்கு இங்கிருந்து கிளம்பியாக வேண்டும், இப்போது போய்த் திரும்பி வந்தால் எல்லை மூடுவதற்குள் போய்ச் சேர முடியாது என்று கையை விரித்தார்.

“மிச்சப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் டாக்சியை நோக்கி நடந்தார். ஐம்பது அடி இருக்கும் மரங்களுக்கு. “ஒரு எட்டு பார்த்துட்டாவது போங்க டீச்சர்!” என்றேன். “அங்க ஒருத்தி அழுதுட்டிருக்கா சார்!” என்று எரிந்துவிழுந்து கதவை அறைந்து சாத்தினார். என் பிழைக்கு நான் அருவி பார்க்கப் போனேன். இதைவிடக் கேவலமான தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அது எப்படி இருந்தது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். முப்பத்து மூன்று பிள்ளைகளும் வாய்மூடி நின்றார்கள். எங்கள் பள்ளிச் சரித்திரத்தில் அது நடந்ததே கிடையாது.

இரண்டு மணிக்கு மியூசியம் வாசலில் பஸ் நின்றது. பதினெட்டு டீச்சரின் துப்பட்டாவில் மூக்கைச் சிந்திக்கொண்டு ஏறினாள். டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டார்.

“எப்படி சார் இருந்துச்சு?”

“பெருசா ஒண்ணுமில்ல டீச்சர். தண்ணி கம்மி. படத்துல பாக்குறதுதான் அழகு. நீங்க ஒண்ணும் இழக்கல.”

அவர் என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். தோளிலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. பின்னால் பிள்ளைகளின் தலையெல்லாம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

“இந்த மாசந்தான் தண்ணி அதிகம். இருபத்திரண்டு வருஷமா நாந்தான சார் சொல்லித் தரேன்?” நனைந்த விரலைத் துப்பட்டாவில் துடைத்தார். “பாக்கவும் விடல. இப்ப பொய் வேற சொல்றீங்க. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. எனக்குக் கோவமாவது முழுசா வரட்டும்.”

சொன்னேன். பாலத்தில் கால் வைத்ததும் தரை அதிர்ந்தது, பேச்சுக் கேட்காமல் கைஜாடையில் பேசினோம், அவர் சொன்ன இடப்பக்கத்தில்தான் வானவில் இருந்தது, ஒன்றல்ல, இரண்டு. எதையும் குறைக்கவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் நிறுத்தும்போதெல்லாம் “ம், அப்புறம்?” என்று அதட்டினார். எல்லை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.