இடது செருப்பு

என் வாசற்படியில் கிடக்கும் செருப்புகளை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் ஒருவர் பார்த்தார். இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் நான் பழைய பிக்கப் ஓட்டிய நாட்களில், தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்த பிட்டர் அவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். எனக்கு வீடு என்று இருந்தது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஒற்றை அறை. அதில் ஆள் என்று இருந்தது நான் மட்டும்.

ஒரு மழைக்காலக் காலையில் அரிசி மூட்டைகளோடு மேட்டில் ஏறும்போது இஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. எந்தக் கியரில் போட்டாலும் அதே கதை. மூட்டைகளை இறக்கி, ஆட்களை விட்டுத் தள்ளிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். கியர் பெட்டி போய்விட்டது என்று நானே முடிவுகட்டித் தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டேன். வண்டி தானாகக் கெட்டதா, நான் ஓட்டியதில் கெட்டதா என்று பிட்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார் அவர். என் தவறு என்றால் வேலை போகும்; வேலை போனால் அறையும் போகும்.

பிட்டர் அவசரப்படவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். கிளட்ச் பிடித்திருந்தால் இஞ்சின் திணறி நின்றிருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கியர் பொட்டி நல்லாத்தான் இருக்குண்ணே. கிளட்ச் பிளேட்டுதான் தேஞ்சு வழுக்குது" என்றவர், "அந்த எடது செருப்பக் கழட்டுங்க" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். முன்பாதம் பதியும் இடத்தில் அடித்தோல் கடதாசியாய் மெலிந்திருந்தது. வலது செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பெடல்ல இருந்து கால எடுக்கிறதே இல்ல போல."

உண்மைதான். சரிவில் வண்டி கையை மீறிவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் கிளட்ச் பெடலின் மேலேயே காலை வைத்திருப்பேன். அந்தப் பாரத்திலேயே பிளேட் கருகித் தேய்ந்திருக்கிறது. பிட்டர் செருப்பைத் திருப்பித் தந்துவிட்டுத் துரையிடம் போய், "பழைய பிளேட்டுங்க, தானாத் தேஞ்சிருச்சு" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பட்டறை வாசலில் நான் விடும் செருப்பைப் புரட்டிப் பார்ப்பார். "பரவாயில்ல, கால் கீழ எறங்கிருச்சு" என்று சிரிப்பார். என்னைக் கவனிக்கவும் ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதற்காகவே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இந்தியாவையே பார்த்திராத மனைவியோடும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் அந்த நாட்டுக்கே புறப்பட்டார். அட்டன் ஸ்டேஷனுக்கு நான்தான் அந்தப் பிக்கப்பில் கொண்டுபோய் விட்டேன். வழி நெடுக அவர் என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அது தரையில் இருந்தது. ரயில் ஏறும்போது, "போய்க் கடுதாசி போடுறேன்ணே. கால் பத்திரம்" என்றார். கடுதாசி வரவில்லை.

திரும்பி வந்து தோட்டத்தில் வண்டியை நிறுத்தியபோது கருகல் வாடை மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தேன். அட்டனிலிருந்து அவ்வளவு தூரமும் என் கால் பெடலின் மேலேயே இருந்திருக்கிறது.

இப்போது நான் வண்டி ஓட்டுவதில்லை. செருப்பு இரண்டும் ஒரே அளவாய்த் தேய்கின்றன. மாலையில் கழற்றும்போது இடதை மட்டும் அடிப்பக்கம் தெரியும்படி புரட்டி வைக்கிறேன். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். வரட்டும். சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டுமே.