நிற்கவைத்து எடுத்த அளவு

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைந்திருக்கும். கொடைக்கானல் பஜாரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷூ விற்றவர். எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார் என்பதையும் மலரைத் தொகுப்பவர்கள் எழுதச் சொன்னார்கள். அண்ணன் எண்ணியதில்லை. தெரியாத எண்ணைப் போடாதீர்கள் என்று பத்திரிகை வேலையில் பல வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவள் நான். அண்ணனுக்காக அதை மீற வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பழனி அடிவாரத்தில். அவருக்கு ஏழு வயதானபோது எங்களைப் பெற்ற அத்தா மலைமேல் ஒரு கடை பார்த்துக் குடும்பத்தைக் கொண்டுவந்தார். இங்கே அண்ணன் சேர்ந்த பள்ளியில் ஷூ கட்டாயம். அத்தா விற்றதோ ரப்பர் செருப்பு. உறவுக்காரப் பையன் ஒருவன் போட்டுக் கழித்த ஷூ கிடைத்தது. அண்ணன் அதை மூன்று வருடம் போட்டார். சிறியதாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லவில்லை. சொன்னாலும் வேறு வாங்க வழியில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த மூன்று வருடத்தில் இடது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்தது. கடைசிவரை இறங்கவில்லை.

அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அத்தா மௌத்தாகி எங்களைப் பிரிந்தார். அண்ணன் கடையில் உட்கார்ந்தார். செருப்பைக் குறைத்து, பள்ளி ஷூவைக் கூட்டினார். என்னை மதுரைக்குப் படிக்க அனுப்பினார். நான் பத்திரிகை வேலைக்குப் போனது உறவில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "அவ பேப்பர்ல வேல பாத்தா உங்களுக்கு என்ன சோலி கெட்டுப்போச்சு?" என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

கடையில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பிள்ளையை உட்காரவிட மாட்டார். நிற்கவைத்து, மரப்பலகையில் இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்குத்தான் ஷூ எடுப்பார். மே மாத வெயிலிலும் கம்பளி சாக்ஸ் போடச் சொல்வார். ஜூலைச் சாரலில் அதோடுதானே பள்ளிக்குப் போக வேண்டும். கடைசியாகக் கடைக்கு வெளியே அனுப்புவார். எங்கள் தெரு சரிவானது. "எறங்கிக் காட்டு" என்பார். பிள்ளை டீக்கடை வரை இறங்கி, திரும்பி ஏறி வர வேண்டும். கடைத் தரையில் சரியாக இருக்கும் ஷூ இறக்கத்தில் விரல் நுனியை இடிக்கும். கீழே பழனியில் இது தேவைப்படாது. இங்கே பள்ளிக்குப் போகிற எல்லா வழியும் ஏற்றம் அல்லது இறக்கம்.

பூம்பாறையிலிருந்து வந்த ஒரு தாயும் அண்ணனும் பேசியதை அப்படியே தருகிறேன்.

"ரெண்டு சைஸ் பெருசாக் குடுங்க பாய். அடுத்த வருசமும் ஓடும்."

"ஷூ ஓடும்மா. பிள்ள ஓடாது."

"நாங்க பூண்டு நட்டாக்கூட கொஞ்சம் எடம் விட்டுத்தான் நடுவோம்."

"நானும் விடுறேன். ஒரு கட்டவிரல் அகலம். அதுக்கு மேல விட்டா உள்ள நீங்க பூண்டே நட்டுக்கலாம்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சரியான அளவை வாங்கிப் போனார். சிரிக்காதவர்களுக்கு அண்ணன் தன் இடது காலைக் காட்டுவார்.

இந்த முறையை அண்ணன் ஒரே ஒரு நாள் தவறவிட்டார். வெள்ளகவியிலிருந்து ஒருவர் ஏறி வந்திருந்தார். மகள் செல்வி ஆறாம் வகுப்புக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளியில், விடுதியோடு சேர இருந்தாள். கையில் ஒரு காகிதம். அதில் கரியால் வரைந்த அவள் கால். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"வெரசாக் குடுங்க பாய். வெளிச்சத்துல எறங்கணும். காட்டுப் பாதை."

அண்ணன் காகிதத்தைப் பலகையில் வைத்து நீளத்தை அளந்தார். பட்டை வைத்த பெண்பிள்ளை ஷூ ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து, நான் விடுப்பில் வந்திருந்த வாரம், அதே மனிதர் கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என்னண்ணே, மக எப்பிடி இருக்கா?"

"வீட்டுல கெடக்கா பாய். ஷூக்குள்ள கால இறுக்கி நுழைச்சுக்கிட்டே போயிருக்கா. ரெண்டு காலும் புண்ணு. வெறுங்காலோட பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாதுன்டாங்களாம். கெளம்பி வந்துட்டா. இனிமே போகலங்குறா. சரி, படிப்பு நமக்கு ஆகாதுன்னு விட்டாச்சு."

அவர் குறை சொல்ல வரவில்லை. தகவல் சொல்லிவிட்டுப் போக வந்தார். அண்ணன் அந்தக் காகிதத்தை ரசீதுக் கட்டுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார். உட்கார வைத்து வரைந்த கால் அது. நின்றால் இன்னும் விரியும். அப்படி வரைந்தும் விரல்கள் விசிறிபோல் அகன்று இருந்தன.

"காகிதம் பொய் சொல்லல. நாந்தான் பாதியப் படிச்சேன்" என்றார் என்னிடம்.

மறுநாள் வெள்ளனே கடையைப் பூட்டிவிட்டு இறங்கினோம். இரவு எங்கள் வீட்டில் தங்கியிருந்த செல்வியின் அப்பா ஐந்து பெட்டிகளைத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருக்கும் ஊர். எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அண்ணனும் கழற்றினார். கழற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: ஐந்து பெட்டி ஷூவோடு, ஷூ போடக் கூடாத ஊருக்குள் அளவு பார்க்கப் போகிறார். அங்கேயே நின்றுவிட்டார். செல்வியை எல்லைக்கு மேலே, பாதைக்கு அழைத்து வந்தார்கள்.

அவள் பாவாடையைத் தாழ்த்திக் காலை மறைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் காலைக் காட்டச் சொல்லவில்லை. தன் இடது காலை நீட்டினார்.

"இது எங்க ஸ்கூல் ஷூ செஞ்ச வேல. நல்லாருக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். "சின்னதா இருந்தா ஏன் போட்டீங்க?"

"ஒன்ன மாதிரி கழட்டி வீசத் தெரியல."

பிறகு அவளே பலகையில் ஏறி நின்றாள். முன்கால் அகலத்துக்கு நான்கு பெட்டிகள் உதவவில்லை. ஐந்தாவதில் இருந்தது ஆண்பிள்ளைகளுக்கான லேஸ் ஷூ. அது பொருந்தியது. செல்வி உடனே காலை உருவிக்கொண்டாள்.

"இது பசங்க ஷூ. பிள்ளைக சிரிப்பாளுக."

"முன்னாடி எதப் பாத்துச் சிரிச்சாளுக?"

"நொண்டுனத."

"இனிமே நொண்ட மாட்டியே. சிரிக்கிறதுக்கு ஒண்ணு கொறஞ்சுபோச்சு."

பள்ளி ஒத்துக்கொள்ளுமா என்று அவள் அப்பா கேட்டார். பள்ளி கொடுத்த தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. வாங்கி இரண்டு முறை படித்தேன். கருப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ் என்று இருந்தது. பட்டையா லேஸா என்று இல்லை. அதைச் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்து, "ஒன்னயப் படிக்க வச்சது வீண் போகல" என்றார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

"எறங்கிக் காட்டு."

செல்வி லேஸைக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து இறங்கினாள். முதல் பத்து அடி மெதுவாக, பிறகு வேகமாக. எல்லைக்கு வந்ததும் நின்றாள். இரண்டு ஷூவையும் கழற்றி, மண்ணைத் தட்டி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஊருக்குள் போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் கத்தினாள்: "திங்கக்கெழம வாரேன்னு டீச்சர்கிட்ட சொல்லிருங்க."

அன்று மாலையே அண்ணன் பள்ளிக்குப் போய்ச் சொன்னார். அவர்களும் மறுக்கவில்லை. அதன் பிறகு அவர் காகித அளவுக்கு ஷூ கொடுத்ததில்லை. வர முடியாத ஊர்களுக்கு ஒவ்வொரு மே மாதமும் பெட்டிகளோடு அவரே போனார். வெள்ளகவியில் எப்போதும் எல்லைக்கு மேலே.

கடைசி மாதங்களில் இதயம் தளர்ந்து கால்கள் வீங்கின. எந்தச் செருப்பும் ஏறவில்லை. மகள் ஷமீமா ஒரு சைஸ் பெரியதாக வாங்கி வந்தாள். அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, "நிக்க வச்சு அளந்தியா?" என்றார். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, அவரை நிற்கவைத்து அளந்தோம். ஒரு சைஸ் போதவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்பதில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது போய்விட்டார். நான்காம் நாள் ஷமீமா கடையைத் திறந்தாள். அவசரப்படுகிறாள் என்று சிலர் வருந்தினார்கள். வாசலில் பிள்ளைகள் நின்றார்கள், அவள் திறந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன் அவளோடு நானும் வெள்ளகவிக்கு இறங்கினேன். செல்வி இப்போது வடகவுஞ்சிப் பக்கம் தபால் கொடுக்கிறாள்; நாள் முழுக்க நடக்கிற வேலை. காலில் லேஸ் ஷூ. விடுப்புப் போட்டு வந்து, எல்லைக்கு மேலே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தாள். கால் வலிக்கிறது என்று உட்காரப் போன ஒருத்தியை, "ஏ புள்ள, நில்லு. உக்காந்தா கால் பொய் சொல்லும்" என்று அதட்டினாள். ஷமீமா பலகையை எடுத்து வைத்தாள்.

அண்ணனைக் குளிப்பாட்டியவர்கள், தோளில் சுமந்தவர்கள், மழையில் குழி வெட்டியவர்கள், மூன்று நாளும் எங்கள் அடுப்பு எரியவிடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீடுகள், அண்ணனை இழந்த மதினி வெளியே வராமல் இத்தா இருந்த மாதங்களில் கடைச் சரக்கை இறக்கிக் கொடுத்த பஜார் நண்பர்கள், இந்த வருடமும் பெட்டிகளைத் தலையில் சுமந்த செல்வியின் அப்பா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்காக துஆ செய்யுங்கள். இன்னும் பத்து நாளில் பள்ளி திறக்கிறது. உங்கள் பிள்ளைகளை நிற்கவைத்து அளவெடுங்கள்.