சங்கம் என்ற சொல்லும் என் மாமாவும்

பல் வெட்டாத இரும்புச் சக்கரம் ஒன்று, தண்டையார்பேட்டையில் என் தாய்மாமாவின் லேத் பட்டறை வாசலில் மூன்று வாரம் கிடந்தது. மாமா கடைந்து முடித்துவிட்டார். பல் வெட்டும் மெஷின் அவரிடம் இல்லை. எங்கள் தெருவில் யாரிடமும் எல்லா மெஷினும் கிடையாது. ஒருவர் கடைவார், அடுத்தவர் பல் வெட்டுவார், இன்னொருவர் சாணை பிடிப்பார். தனிப் பட்டறையாகப் பிழைக்க முடியாது. அதனால்தான் அறுபதுகளின் கடைசியில் பட்டறை முதலாளிகள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். அதற்கு நான் குமாஸ்தா. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே மாமாதான்.

ஆண்டு மலருக்குச் 'சங்கம்' என்ற சொல்லைப் பற்றி எழுதச் சொன்னார் தலைவர். நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். ஒன்றுகூடுதல் என்று பொருள்படும் வடசொல். துறவிகளின் கூட்டத்துக்கு வழங்கியது. வணிகர் கூட்டத்துக்கு எனக்கு இன்னும் பிடித்த பெயர் கிடைத்தது: சாத்து. கள்வருக்குப் பயந்து, காட்டு வழியில் ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்து போனவர்கள். அடடா, எவ்வளவு அழகாக எழுதினேன்! மேடையில் வாசித்தபோது முதலில் கை தட்டியவர் மாமா.

அடுத்த மாதமே பெரிய ஆலை ஒன்றில் வேலைநிறுத்தம். அங்கே நீக்கப்பட்டவர்களை எந்தப் பட்டறையும் சேர்க்கக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. ஆலையின் ஆர்டர் போய்விடுமே என்ற பயம். மாமா ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்.

"மூணு புள்ள கீது அவனுக்கு. பட்டினி போடவா சங்கம் வெச்சோம்?" என்று கூட்டத்திலேயே கேட்டார்.

பதிலுக்கு, மாமாவின் வேலையை யாரும் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சுற்றறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, பட்டறை பட்டறையாகக் கொடுத்தவன் நான். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாமாவிடம் கடைசியாகப் போனேன். நிதானமாகப் படித்தார்.

"மலர்ல நல்லாத்தான் எழுதின நைனா. வழில ஒருத்தன் வுழுந்துட்டா கூட்டம் இன்னா பண்ணும்? தூக்குமா, வுட்டுட்டுப் போவுமா? அத்த எழுதலியே."

இன்றைக்கு அந்தச் சங்கத்துக்கு ஏசி போட்ட கட்டடம் இருக்கிறது. ஆண்டு தவறாமல் மலரில் என் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மனசாட்சி கெட்டவர்கள்; என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசலில் கிடந்த அந்தச் சக்கரத்துக்குப் பல் வெட்ட ஒரு பட்டறையும் முன்வரவில்லை. லேத்தை விற்றுவிட்டு மாமா எண்ணூரில் கூலிக்குப் போனார். அதை லாரியில் ஏற்றிய அன்று நான் எதிரே ஓரமாக நின்றேன். மாமா என்னைப் பார்த்து அருகே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"இன்னாத்துக்கு இங்க நிக்கிற? தலைவர் பாத்தா ஒனக்கு பேஜாரு. போ கண்ணு" என்றார்.

நானும் போய்விட்டேன்.