அண்ணி அதைச் சாப்பிட்டாரா?

எங்கள் அண்ணி ஜப்பானில், நாகனோ மலைப்பகுதியில், பனி கொட்டும் சிற்றூர் ஒன்றில், தபால் ஊழியர் ஒருவரின் இளைய மகளாகப் பிறந்தார். சிறுவயதில் வந்த காய்ச்சல் அவருடைய இதய வால்வு ஒன்றைப் பழுதாக்கிவிட்டுப் போனது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் ஓட, தான் அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருந்ததாக ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தக் காலத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆங்கிலம் படிக்க மெல்பேர்ணுக்கு வந்தவர், கிளேட்டனில் ஒரு வாடகை வீட்டில் அறை எடுத்தார். பக்கத்து அறையில் இருந்தவர் என் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியல் படிக்க வந்து, நாட்டு நிலைமையால் திரும்பிப் போக முடியாமல் நின்றுவிட்டவர். அறைகள் பல இருந்தாலும் குசினி ஒன்றுதான். அண்ணா கருவாடு பொரிப்பார், அண்ணி நத்தோ சாப்பிடுவார். நத்தோ என்பது சோயா அவரையை அவித்துப் புளிக்க வைத்த ஜப்பானியச் சாப்பாடு. கலக்கினால் நூல் நூலாக இழுபடும். அதன் மணத்தைப் பற்றி நினைவு மலரில் எழுதுவது அழகில்லை. மற்ற அறைக்காரர்கள் இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவார்களாம். சேர்ந்து திட்டு வாங்கியவர்கள் சேர்ந்தே வாழலாம் என்று முடிவெடுத்தார்கள்.

எங்கள் அம்மா அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. பிறகு அதே அம்மாவை இங்கே கூப்பிட்டு, கிளென் வேவர்லி வீட்டில் வைத்து, கடைசி வரை குளிப்பாட்டி விட்டவர் அண்ணிதான். அம்மாவுக்கு மணம் ஒத்துக்கொள்ளாது என்று நத்தோவை வீட்டில் நிறுத்தியதும் அவர்தான். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அண்ணி எங்கள் தமிழை நன்றாகவே பேசினார். அவர் முதலில் பழகிய சொல் ‘ஓம்’. கடைசி வரை அதிகம் சொன்னதும் அதுதான். ‘இன்னும் கொஞ்சம் புட்டு போடட்டோ?’ என்றால் ஓம். ‘கோயிலுக்கு வாறியளோ?’ என்றால் ஓம். ‘என்ன, முகம் வாடியிருக்கு, தலையிடிக்குதோ?’ என்று கேட்டால், ‘ஓம், நான் நல்ல சுகம்’ என்பார். ‘வேண்டாம்’ என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையோ என்று நான் பகிடி பண்ணுவேன். அதற்கும் ஓம்தான். எனக்கு வாய்த்த மச்சாள் மாதிரி ஒருத்தருக்கும் வாய்க்காது. இதை அவருக்கு முன்னால் சொல்லாமல் விட்டதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அண்ணிக்கு அந்தப் பழைய வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். இரத்தம் உறைந்து வால்வை அடைத்துவிடாமல் இருக்க, ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கவேண்டும் என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் வரும், அது குறையக்கூடாது. கீரை வகைகளைத் திடீரென்று கூட்டாதீர்கள், அந்த எண் குறையும் என்று துண்டுப்பிரசுரம் ஒன்றும் தந்தார்கள்.

அண்ணாவிடம் ஒன்றைச் சொன்னால் பத்தாகச் செய்வார். வீட்டுக்குப் பின்னால் நின்ற வல்லாரையைப் பிடுங்கினார். பொன்னாங்காணியைப் பிடுங்கினார். குளிர்பெட்டியில் மல்லித்தழைகூட இருக்கக்கூடாது என்றார். கீரைக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று யோசித்தவருக்கு அண்ணியின் சொந்த நாடே ஞாபகத்துக்கு வந்தது. ஜப்பானியர் நீண்ட காலம் வாழ்வது சோயாவால்தான் என்று எங்கேயோ வாசித்திருந்தார். அம்மாவும் இல்லை, இனி மணத்துக்கு யார் முகம் சுளிக்கப்போகிறார்கள்? சனிக்கிழமை தோறும் ஜப்பானியக் கடைக்குப் போய், தோஃபு, மிசோ, கூடவே ஒரு கிழமைக்குப் போதுமான நத்தோவும் வாங்கிவந்தார். கோயிலில் கண்டவர்களிடமெல்லாம், ‘இப்ப எங்கட வீட்டில முழுக்க ஜப்பான் சாப்பாடுதான்’ என்று பெருமையாகச் சொன்னார். டொக்டரிடமும் அப்படியே சொன்னார். டொக்டரும் மிகவும் நல்லது என்றாராம். கதை பரவி, எங்களில் பாதிப் பேர் தோஃபு வாங்கத் தொடங்கினோம்.

ஆனால் அந்த எண் மட்டும் ஏறவில்லை. இரத்தம் எடுப்பதுதான் என் தொழில். குழாயை நிரப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்று வாசிப்பவர்கள் வேறு ஆட்கள். மாத்திரையைக் கூட்டினார்கள். எண் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும். ‘சாப்பாட்டில் ஏதும் மாற்றமா?’ என்று டொக்டர் கேட்டால் அண்ணா முந்திக்கொண்டு, கீரை வாசமே இல்லை என்பார். அண்ணி ஓம் என்பார்.

ஒரு காலை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் குழாயை இரத்தக்கட்டி அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்தாளர் பெண் ஒருவர் வந்து, வழக்கமாக என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். அண்ணா அந்த நிலையிலும் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நத்தோ என்றதும் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார்.

“நத்தோவா? தினமுமா?”

வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் விற்றமின் கீரையில் இருப்பதைவிட நத்தோவில் மிக அதிகம் என்று அவர் மெதுவாக விளங்கப்படுத்தினார். அண்ணா ஒவ்வொன்றாகக் கேட்டார். தோஃபு? அளவோடு என்றால் பரவாயில்லை. மிசோ? அதுவும் வழக்கமான அளவில் பரவாயில்லை. நத்தோ மட்டும்தான் கூடாது. வீட்டுக்குப் போவோம் என்று நான் கையைப் பிடித்தபோது, “நான்தான் வாங்கிக் குடுத்தனான்” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் பெரிய டொக்டர் வேறு மாதிரிச் சொன்னார். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு எண் சரியாக இருந்தாலும் சிலவேளை கட்டி வரும். மாத்திரை தவறியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றார். இரண்டையும் கேட்ட எனக்குத் தலை சுற்றியது. அண்ணாவுக்கோ முதலில் கேட்டது மட்டும்தான் காதில் ஏறியிருந்தது. அண்ணி பேச்சுத் திரும்பாமலே, சில நாட்களில், மகளின் கையைப் பிடித்தபடி எங்களை விட்டுப் போனார்.

நம்மவர்களுக்கு எட்டாம் நாள் படையல், ‘செலவு’ என்பது, முக்கியம். இறந்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்கவேண்டும். அதற்கு முதல் நாள் பின்னேரம் நான் கடதாசியும் பேனையுமாக இருந்து, அண்ணிக்கு விருப்பமானது என்ன என்று கேட்டேன். புட்டு சாப்பிட்டார், நண்டுக்கறி சாப்பிட்டார், ஒடியற்கூழும் குடித்தார். விரும்பித்தான் சாப்பிட்டாரா? இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட எங்களுக்குத் தெரியவில்லை.

“அம்மாக்கு நத்தோதானே விருப்பம்” என்றாள் மருமகள். அண்ணாவின் ஒரே பிள்ளை அவள்தான்.

“அந்தச் சாமான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது!” அண்ணா கத்தினார். அவர் மகளிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மருமகள் அழுதுகொண்டு நாகனோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு, அதாவது அண்ணியின் அக்காவுக்கு, போன் எடுத்தாள். அவர் சொன்னதை அவளே எங்களுக்குத் தமிழில் சொன்னாள். ஜப்பானில் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு முதலில் சொல்லும் புத்தியே நத்தோ சாப்பிடாதே என்பதுதானாம். அவர்களுடைய அப்பாவும் அதே மாத்திரை எடுத்தவராம். ஆகவே தங்கைக்கு அது நன்றாகத் தெரியுமாம். அண்ணா நத்தோ வாங்கும் கதையைக் கேட்டு அக்கா ஏசியபோது அண்ணி சொன்னாராம்: ‘சனிக்கிழமையில் அவர் எவ்வளவு சந்தோசமாக அதை வாங்கிக்கொண்டு வருகிறார் தெரியுமா? நான் பார்த்துக்கொள்கிறேன்.’

அண்ணா எழுந்து நின்றார். “பாத்துக்கொள்ளிறன் எண்டா என்ன அர்த்தம்? சாப்பிட்டவவோ, சாப்பிடேல்லையோ?”

“பெரியம்மாக்கும் தெரியாதாம், அப்பா.”

“காலமையில கிண்ணத்தில கலக்கிறதை நான் கண்டனான்.”

“வாயில வச்சதைக் கண்டனீங்களோ?”

அண்ணா யோசித்தார். “நான் பேப்பர் பாத்துக்கொண்டிருந்திருப்பன்.”

“வெறும் கப் எல்லாம் கழுவி குப்பை பின்னுக்குள்ள போட்டிருக்கும். ஐ டோன்ற் நோ, அப்பா. ஐ றியலி டோன்ற் நோ.”

அன்றிலிருந்து நான் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன். சாப்பிட்டார் என்றால், தெரிந்துகொண்டே, அண்ணாவின் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சாப்பிட்டாரா? அப்படி ஒரு விசர் வேலையை அண்ணி செய்வாரா? செய்யக்கூடியவர்தான். சாப்பிடவில்லை என்றால் அந்த எண் ஏன் ஏறவில்லை? ஒருவேளை ஒரு வாய் மட்டும் சாப்பிட்டு மிச்சத்தைக் கொட்டினாரோ? ஒரு நேரம் எனக்கு அண்ணியில் கோபம் வருகிறது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. அடுத்த நேரம் அழுகை வருகிறது. எனக்கு ஒரு முடிவும் பிடிபடவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்களை மறந்துவிடக்கூடாது. ஆஸ்பத்திரியில் அண்ணியின் தலைமயிரைத் தினமும் சீவிவிட்ட தாதிமாருக்கும், உண்மையை மறைக்காமல் சொன்ன அந்த மருந்தாளர் பெண்ணுக்கும், நகரின் மறுகோடி ட்ருகனினாவிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த உறவுகளுக்கும், சிட்னியிலிருந்து இரவோடு இரவாகக் கார் ஓட்டி வந்தவர்களுக்கும், தொலைவில் இருந்தே எங்களோடு அழுத அண்ணியின் அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டுக்கு வந்துபோன பிறகு சிலர் தோஃபுவையே குப்பையில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் நத்தோவை விடுங்கள், மற்றதை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், நானே குழம்பிப்போய் இருக்கிறேன்.

எட்டாம் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் அண்ணா ஒருவரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் ஜப்பானியக் கடைப் பை. புட்டுக்கும் நண்டுக்கறிக்கும் நடுவில் நத்தோ கப் ஒன்றைத் தானே வைத்தார். மருமகள் அவருடைய தோளில் சாய்ந்தாள். அண்ணி வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே நின்றோம்.

பிறகு படைத்ததை எல்லோரும் பங்கிட்டோம். நத்தோவை யாரும் தொடவில்லை. அண்ணா அதை எடுத்து, மூடியைத் திறந்து, கலக்கினார். கிளேட்டன் குசினி நாளிலிருந்து அன்றுவரை அவர் அதை ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை. இப்போது ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் வந்தது. விடாமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

“எப்பிடியப்பா இதைச் சாப்பிட்டனீர்?” என்று அண்ணியின் படத்தைப் பார்த்துக் கேட்டார்.

வெறும் கப்பைக் கீழே வைத்துவிட்டு, “சாப்பிட்டனீரோ?” என்று கேட்டார்.