ஸ்டாக்கில் இருந்த சிரிப்பு

அவளை ஸ்டுடியோவில் எல்லோரும் அலறல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜக் கொலைகளை நடித்துக் காட்டும் டிவி நிகழ்ச்சி ஒன்றில், சாகிற பெண்களுக்கெல்லாம் டப்பிங் குரல் அவளுடையது. நான் அதே நிகழ்ச்சியில் மாமியார்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும் பேசுகிறவள். "பத்து வருஷமா செத்துச் செத்துப் பொழைக்கிறேன்டி" என்று தேநீர் இடைவேளையில் அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் உம்மணாமூஞ்சி கூடச் சிரித்துவிடும்.

எங்கள் நிகழ்ச்சியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தால் அடுத்த விளம்பரத்துக்குள் செத்துவிடுவாள். கொன்றவன் மட்டும் எப்போதும் "அமைதியான மனிதர்". எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பேசிவிட்டு வருவேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அக்காவின் தங்கையும் கொலையானவள்தான். மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், புருஷன் விடச் சொன்னான், விடமாட்டேன் என்றாள், கழுத்தை நெரித்துவிட்டான். நடந்தது இவ்வளவுதான். தீர்ப்பிலும் இதுதான் இருந்தது. அவள் மகளை அக்கா தன்னோடு வைத்து வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெண் "உங்கம்மா கெட்டவளாமே" என்று கேட்டுவிட, அந்தக் குழந்தை சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டது.

அதனால்தான் டைரக்டர் அந்த வழக்கை எடுக்கலாமா என்று கேட்டபோது அக்கா ஒத்துக்கொண்டாள். "உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிம்மா. உள்ளது உள்ளபடி காட்டுறேன்" என்றார். ஒரு தடவை டிவியில் உண்மை வந்துவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும் என்று அக்கா நம்பினாள். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தங்கையின் படங்களையெல்லாம் கொடுத்தாள். "இதுக்கு மட்டும் நீ பேச வேணாம். உன்னால தாங்க முடியாது. வேற பொண்ணு பேசட்டும்" என்று அவர் சொன்னதும் அக்கா உருகிப்போனாள். நானும்தான் "மனுஷன்னா இவரு" என்றேன். என் நாக்கைத்தான் சொல்ல வேண்டும்.

அது ஒளிபரப்பான அன்று மாலை அக்கா வீட்டில் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். குழந்தை நல்ல கவுன் போட்டுக்கொண்டு வந்திருந்தது. அம்மா டிவியில் வருகிறாள் அல்லவா?

மருந்துக் கடையில் உதட்டுச் சாயமும் இறுக்கமான சிவப்பு உடையுமாக, தங்கை வேஷத்தில் ஒருத்தி வந்தாள். கடை முதலாளி மாத்திரை அட்டையை நீட்டினார். "அவளுடைய சிரிப்பில் பலர் மயங்கியதாகச் சொல்லப்படுகிறது" என்றது பின்னணிக் குரல். அவள் சிரித்தாள்.

அது அக்காவின் சிரிப்பு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது, படம் எதுவும் ஓடாமலே, ஒரு பெருமூச்சு, ஒரு விம்மல், இரண்டு அலறல், நாலு தினுசுச் சிரிப்பு என்று பதிவுசெய்து வைத்துவிட்டுப் போவோம். எங்கே குறைகிறதோ அங்கே எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். யார் முகத்துக்கு ஒட்டுவார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் அச்சு அசலாக ஒரே குரல் வேறு.

"அம்மா!" என்றது குழந்தை.

அக்கா அடுக்களைக்குப் போய் டைரக்டரை போனில் பிடித்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என் சிரிப்பை எதுக்குண்ணா வெச்சீங்க?"

"டப்பிங் பேச வந்த பொண்ணுக்குச் சிரிப்பே வரலைம்மா. உன்னுது ஸ்டாக்ல இருந்துச்சு. உன்னை மாதிரி யாரு சிரிப்பா, சொல்லு!" பாராட்டுகிறாராம்.

"என் தங்கச்சி அப்படி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நாங்க எங்கம்மா அப்படின்னு சொன்னோம்? சொல்லப்படுகிறதுன்னுதானே போட்டோம். அவன் கொன்னதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

"வேலையை விடமாட்டேன்னா. அதுக்குக் கொன்னான். கோர்ட்டே சொல்லுச்சே!"

"அதை வெச்சு அரை மணி நேரம் எப்படிம்மா ஓட்டுறது?"

அக்கா போனை வைத்துவிட்டாள். "அண்ணான்னு கூப்பிட்டேனேடி" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்த ஆளை நாலு அறை அறைய வேண்டும்போல் கை பரபரத்தது.

திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. குழந்தையே அணைத்திருந்தது.

"பெரியம்மா, அம்மா அந்த மாமாகிட்ட அப்படித்தான் சிரிச்சாங்களா?"

அக்கா அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "இல்லடா கண்ணு. அது உங்கம்மா இல்ல. அது நான் சிரிச்சது. எப்பவோ ஸ்டுடியோவுல சிரிச்சதை எடுத்துப் போட்டுட்டாங்க."

குழந்தை யோசித்தது. பிறகு மடியை விட்டு மெல்ல இறங்கியது.

"அப்ப அம்மாவை அப்படிக் காட்டறதுக்கு நீங்கதான் சிரிச்சுக் குடுத்தீங்களா?"