கருப்பசாமியின் சேவலும் வாசல் பெஞ்சும்

போலந்தில் நான் வேலை பார்க்கும் கோழிப்பண்ணையின் வாசலுக்குள் ஒரு மரப்பெஞ்சு குறுக்காகக் கிடக்கிறது. இளைப்பாறுவதற்குப் போட்டதல்ல அது. வெளியிலிருந்து வருகிறவன் அதில் உட்கார்ந்து, தன் ஷூவை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, பாதம் தரையில் படாமல் இரண்டு காலையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, அங்கே காத்திருக்கும் ரப்பர் பூட்ஸுக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்து பூட்ஸ் இந்தப் பக்கம் வரக்கூடாது. அவ்வப்போது பூட்ஸுக்கு மேல் துணி உறையும் மாட்டிவிட்டு, கொட்டகைக்குள் சுற்றி நடக்கச் சொல்வார்கள். நடந்து முடித்ததும் உறையைப் பையில் போட்டுக் கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நான் நடந்த நடையை எங்கோ ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் எழுதியதைக்கூட யாரும் அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சேத்தூரில் நின்றுபோனது. அப்புறம் ராஜபாளையத்தில் நூல் மில், திருப்பூரில் பனியன் கம்பெனி, மஸ்கட்டில் கட்டட வேலை. எந்த இடமும் எனக்கு ஒத்துவராமல் போகவில்லை. எந்த இடத்திலும் உட்காரவும் முடியவில்லை. இங்கே குளிரில் விரல் நுனி வெடித்து ரத்தம் கசியும். வாஸ்லின் தடவிக்கொண்டு கையுறை மாட்டினால் வேலை ஓடிவிடும்.

பண்ணைக்கு வரும் கால்நடை மருத்துவரை நாங்கள் பானி டாக்டர் என்று கூப்பிடுவோம். பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல் பானி. அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் அரைகுறை என்பதால் மெதுவாகப் பேசுவோம். கோழிக்கு வரும் டைபாய்டு பற்றி ஒருமுறை சொன்னார். அந்தக் கிருமியின் சொந்தக்காரக் கிருமிகள் மாடு, பன்றி, மனிதன் என்று எந்த வயிற்றிலும் பிழைத்துக்கொள்ளுமாம். இது மட்டும் தன் ஜீன்களில் பலவற்றைப் பழுதாக்கிக்கொண்டு, கோழி வகைகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லாமல் நின்றுவிட்டதாம். நீந்துவதற்கு வால்கூடக் கிடையாது. "பிறகு எப்படி ஊர் ஊராகப் போகிறது?" என்று கேட்டேன். அவர் என் பூட்ஸைக் காட்டினார்.

அப்போது சிரித்தேன். போன கோடையில் விடுப்பில் ஊருக்குப் போனபோது அது சிரிப்பாக இல்லை.

என் அக்கா பேச்சியம்மாளைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வன்னியம்பட்டியில். மச்சான் ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருக்கிறார். அக்கா தனியாளாகக் கறிக்கோழிக் கொட்டகை நடத்துகிறாள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் அவளுடையவை. நான் போன அன்றே செத்த குஞ்சுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். முந்தைய தடவை இறக்கிய குஞ்சுகளும் இப்படித்தான் போயிருந்தன. பைக்கில் வந்த கம்பெனி சூப்பர்வைசர் வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

"எக்கா, இந்தத் தடவையும் போச்சுன்னா அடுத்த குஞ்சு இறக்க மாட்டாக. நான் சொல்லிப்புட்டேன்."

"நீரு குடுத்த மருந்தத்தானய்யா ஊத்துறேன்? தண்ணியக் குடிச்ச மாதிரி குடிச்சிட்டு சாவுது."

நான் கொட்டகைக்குள் நுழையப் போனேன். அக்கா கத்தினாள். "ஏலே, செருப்பக் கழத்து! வெளிநாடு போனா புத்தியும் போயிருமா?"

வீட்டுக்குள் எப்படியோ அப்படித்தான் எங்களுக்குக் கொட்டகையும். சோறு போடுகிற இடம். செருப்போடு மிதிக்கக் கூடாது. வாசலில் சூடம் ஏற்றிய கறுப்புக்கூட இருந்தது. அக்கா வெறுங்காலோடு முற்றத்தில் நடந்தாள், அதே காலோடு உள்ளே போனாள். முற்றம் முழுக்கக் கோழி எச்சம். அந்த எச்சத்துக்குச் சொந்தக்காரன் தீவன மூட்டை மேல் நின்று என்னை ஒரு கண்ணால் பார்த்தான். செவலை நிறத்தில், தொடை பருத்த சேவல்.

மச்சான் எல்லைக்கு மாற்றலாகிப் போனபோது கருப்பசாமிக்கு நேர்ந்து விட்ட சேவல் அது. அவர் நல்லபடியாக விடுப்பில் வந்து, கோயில் கொடையில் அவர் கையால் கொடுக்க வேண்டும். அதுவரை அதை அடைக்கக் கூடாது, விரட்டக் கூடாது, விற்கக் கூடாது. தெருவே அதற்குத் தானியம் போடும்.

"இதுக்கும் சீக்கு வந்துச்சுடா. செத்துரும்னு நெனச்சோம். கழுத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு கெடந்தது, திடீர்னு எந்திரிச்சு நிக்கிது. கருப்பன்தான் காப்பாத்துனாரு" என்றாள் அக்கா பெருமையாக.

பிழைத்த கோழி கிருமியைச் சுமந்துகொண்டே திரியும் என்று பானி டாக்டர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. சொல்லவா வேண்டாமா என்று தெரியாமல் செத்த குஞ்சு இரண்டைப் பையில் கட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு கால்நடை மருத்துவர் குஞ்சை அறுத்துக் காட்டினார். ஈரல் துலக்கி வைத்த வெண்கலம் மாதிரி மினுங்கியது.

"டைபாய்டு மாதிரி தெரியுது. மருந்து கேக்கலைன்னா, மருந்த எதுக்குற ஜீன் அதுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். பக்கத்துல இருக்க வேற கிருமிகிட்டகூட வாங்கிக்கிடும்."

"எங்கருந்து சார் வந்திருக்கும்? வீட்டுல ஒரு சேவல் நிக்கிது…"

"சேவலாவும் இருக்கலாம். தாய்க்கோழிக்கு இருந்து முட்டை வழியா குஞ்சுலயே வந்திருக்கவும் செய்யலாம். ரெண்டு பக்கத்துக் கிருமியோட ஜீனையும் எழுத்து எழுத்தா படிச்சு ஒப்பிட்டாத்தான் தெரியும். அத இங்க வச்சுப் பண்ண முடியாதுப்பா."

தெளிவு கிடைக்கும் என்று போனவன் இரண்டு குழப்பத்தோடு வெளியே வந்தேன். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையில் ரப்பர் பூட்ஸ் தொங்கியது. பெண்கள் அளவு இல்லை. இருந்ததை வாங்கிக்கொண்டேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்பட்டாள்.

"கம்பெனிக்காரன் குஞ்சே சீக்கோட வந்திருந்தா? அவன விட்டுட்டு வாயில்லாத சேவல் மேல பழியப் போடுதியா?"

"அதுவா இதுவான்னு தெரியலக்கா. சேவல இல்லாம ஆக்கிட்டா ஒரு சந்தேகமாவது கொறையும்."

"இல்லாம ஆக்குனா எல்லையில இருக்க அவியளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? அந்தச் சந்தேகத்த எந்த டாக்டருகிட்ட காட்டுவ?"

மச்சானுக்குப் போன் போட்டோம். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவர் சிரித்தார். "ஏட்டி, சேவலா பெருசு? அறுத்துக் கொழம்பு வையி. தம்பி வந்திருக்கான்லா."

"ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

சேவலைக் கூமாப்பட்டியில் சொந்தக்காரர் தோப்பில் விட்டுவரலாமா என்று கேட்டேன். கேட்ட வாயாலேயே வேண்டாம் என்றேன். நடக்கத் தெரியாத கிருமியை நானே பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கிவிடுவதா? விடுப்பு தீரும்வரை நான் உருப்படியாகச் செய்தது, கொட்டகை வாசலில் சுண்ணாம்புத்தூள் கொட்டியதும், பூட்ஸை உள்ளே வைத்துவிட்டு வந்ததும்தான். அக்கா அதில் கால் விட்டுப் பார்த்தாள். முழங்கால் வரை ஏறியது. "போலீஸ்காரன் மாதிரி இருக்குடா" என்றாள்.

போலந்து திரும்பியதும் பானி டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஊரில் கோழிகளைத் தொட்டீர்களா? கூட வேலை பார்க்கும் செல்வம், பரமக்குடிக்காரன், பின்னாலிருந்து தமிழில் முணுமுணுத்தான். "இல்லன்னு சொல்லித் தொலைங்கண்ணே. சம்பளம் போயிரும்." நான் தொட்டேன் என்றேன். எவ்வளவு? எங்கள் கொட்டகை முழுக்க. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குச் சொந்தமாகப் பண்ணை இருக்கிறதா? பிறகு ஏன் இங்கே?" அக்காவுடையதை எங்களுடையது என்று சொல்வது எங்கள் வழக்கம் என்பதை விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. சேவலைப் பற்றியும் சொன்னேன். அதன் உரிமையாளர் யார் என்றார். கருப்பசாமி என்றேன். "திரு. கருப்பசாமியிடம் உடனே சொல்லுங்கள், அதைத் தனியாக அடைத்து வைக்க வேண்டும்" என்றார் கண்டிப்பாக. சொல்கிறேன் என்றேன். செல்வம் வெளியே போய்ச் சிரித்தான்.

சில நாட்கள் கொட்டகைக்குள் விடாமல் வேலிக்கு வெளியே புல் வெட்ட வைத்தார்கள். சம்பளமும் குறைந்தது. கோபம் வரவில்லை. ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிய, கோழிகள் கொக்கரிக்க, நான் இந்தப் பக்கம் உலாத்திக்கொண்டிருந்தபோது யாருடைய பிழைப்பு இது என்று புரியவில்லை. எனக்குச் சீக்கு வரவில்லை. அந்தச் சேவல் மாதிரி நானும் கிருமியைச் சுமந்து திரிகிறேனா என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் உள்ளே விட்டார்கள். துணி உறையோடு நடந்தேன். ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. நெகட்டிவ். பானி டாக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். வன்னியம்பட்டி முற்றத்தில் அத்தனை நாள் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். அதில் ஒரு துளிகூட என்னோடு வரவில்லையாம். அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தோஷம்தான் கொஞ்சம் தாமதித்தது.

இன்று காலை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. போனைப் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அப்படியே உட்கார்ந்து பேசினேன். கம்பெனி கடைசியாக ஒரு தடவை குஞ்சு இறக்கியிருக்கிறது. போன தடவை குஞ்சுகள் சாக ஆரம்பித்த வயது இதுதான்.

"இன்னைக்கு ஒண்ணும் சாகல. நாளைக்கு எப்படியோ."

"சேவல்?"

"அது பாட்டுக்குத் திரியுது. சாமி சேவல அடைக்கக் கூடாதுல்லா, அதான் எங்கள அடைச்சுக்கிட்டோம். கொட்டகையச் சுத்தி வல கட்டிட்டேன், வாசல்ல பூட்ஸு. உள்ள நானும் குஞ்சும், வெளிய அவரு. வலைக்குப் பக்கத்துல வந்து நின்னு மொறைக்காரு."

"மச்சான் எப்ப வாராக?"

"லீவு கேட்ருக்காக. குடுத்தாத்தான் உண்டு."

அப்போது போனுக்குள் சேவல் கூவியது. எந்தச் சுண்ணாம்பும் வலையும் தடுக்காமல் நேராகப் பண்ணைக்குள் வந்துவிட்டது அந்தச் சத்தம். உள்ளே இருந்த போலந்துக் கோழிகள் ஒரு கணம் அடங்கின. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஒரு கால் பூட்ஸுக்குள் இருந்தது. மறு கால் இந்தப் பக்கம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. செல்வம் உள்ளேயிருந்து, "அண்ணே, வாரீங்களா இல்லையா?" என்று கூப்பிட்டான்.